யாருடைய யுத்தத்துக்கு முன்?

கல்லூரி மலர்களைக் கட்டுக் கட்டாக வாசிப்பது ஆரோக்கியமான பழக்கமல்ல. இராசிபுரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமான பிறகு, அவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய இரண்டு மூட்டை மலர்கள் என் கைக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா, நூற்றாண்டு. ஊர் வேறு, நிர்வாகம் வேறு, மதம் வேறு. ஆனால் பழைய மாணவர் பக்கங்களை எல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாரோ என்று சந்தேகம் வரும்படி ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: யுத்தத்துக்கு முந்தைய அந்தப் பொன்னான நாட்கள்.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் விடுதி, வார்டன், டென்னிஸ், விவாத மன்றம், கல்லூரி தினத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம், கோட்டு போட்ட குரூப் போட்டோ. கஞ்சி போட்ட வேட்டியில் பயந்துகொண்டே நின்ற கிராமத்துப் பையனைத் தோளில் தட்டிக்கொடுக்கும் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் தவறாமல் வருவார். யாருக்கும் சாதி இருக்காது. விடுதிச் சாப்பாட்டை ஒரு பக்கத்துக்கு வருணிப்பார்கள், எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். பிராமணருக்குத் தனிச் சமையல், மற்றவருக்குத் தனிச் சமையல் என்று அன்றைக்கு விடுதிகள் இருந்ததும், 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் இதே பந்தி விவகாரம் மாகாணத்தையே கலக்கியதும் இந்த மலர்களின் நினைவுக்குள் நுழையவே இல்லை. இதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. இது ஒரு வகைப் பிரதி, அவ்வளவுதான். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட ஞாபகங்கள் இருக்கின்றன, அந்த ஞாபகங்களுக்கு எல்லைக்கல்லாக ஒரு யுத்தம் இருக்கிறது. யுத்தத்துக்கு இந்தப் பக்கம் ரேஷன், போராட்டம், கூச்சல். அந்தப் பக்கம் பொற்காலம்.

நான் கேட்க விரும்புவது சின்ன விஷயம். எந்த யுத்தம்? யாருடைய கடிகாரப்படி அது தொடங்கியது?

இதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. யுத்தத்துக்கு முந்தைய கல்லூரி வாழ்க்கை என்ற ஒன்று இந்த நிலத்தில் ஏறக்குறைய கிடையாது. சேலத்தில் நகராட்சி நடத்திய கல்லூரி ஒன்று இருந்தது. 1857இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1879இல் இரண்டாம் நிலைக் கல்லூரியானது. அதாவது இண்டர்மீடியட் வரைக்கும் படிக்கலாம், அதற்கு மேல் மூட்டை கட்டவேண்டும். நாமக்கல்லில் அதுவும் இல்லை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையே கல்லூரிப் படிப்புக்குத் திருச்சி பிஷப் ஹீபருக்குத்தான் போனார். திருச்செங்கோடு, பரமத்தி, ஆத்தூர்ப் பக்கத்துப் பையனுக்குக் கல்லூரி என்றால் ரயில். ரயிலுக்குப் பணம் வேண்டும். பணம் மிட்டாதார் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் கிணறும் காடும் சேர்த்து வைத்திருந்த சில பண்ணையக்காரர் வீட்டிலும் இருந்தது. ஆகவே இங்கத்திய கல்லூரி ஞாபகம் எல்லாமே வேற்றூர் ஞாபகம். போனவன் எழுதினான். போகாதவன் ஏர் ஓட்டினான், தறி போட்டான், அவனுக்கு மலர் எவனும் போடவில்லை.

போனவர்களில் ரொம்ப தூரம் போனது குமாரமங்கலம் குடும்பம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஜமீன். அப்பா டாக்டர் ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரியில் படித்தவர், 1926லிருந்து 1930வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். மகன் மோகன் குமாரமங்கலம் 1916இல் லண்டனில் பிறந்தார். ஈட்டன் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. 1938இல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவர். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டு. வறண்ட ஒரு ஜமீன் கிராமத்தின் பெயர் கேம்பிரிட்ஜ் யூனியன் தலைவர்களின் பட்டியலில் ஏறிப்போனது அப்படித்தான். நம் பக்கத்தில் இன்னமும் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு மாணவரை நிறுத்திப் பார்க்கவேண்டும்.

அந்த இன்னொருவர் என். சங்கரய்யா. கோவில்பட்டியில் பிறந்தவர். 1937இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார், பட்ட வகுப்பில் எடுத்தது சரித்திரம். மாணவர் சங்க வேலையில் முன்னால் நின்றார். 1941 பிப்ரவரிக் கடைசியில், இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. குற்றம், ஒரு துண்டுப் பிரசுரம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கண்டித்து எழுதியது. பதினெட்டு மாதம் சிறை. பரீட்சை எழுதவில்லை. பிறகும் எழுதவில்லை. பட்டம் இல்லாமலே நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

மதுரையை எதற்கு இங்கே இழுத்து வருகிறாய் என்று கேட்கலாம். இழுத்து வரவில்லை, ஏற்கனவே கட்டித்தான் கிடக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 1928இல் நிறைவேறியது சுப்பராயன் மந்திரிசபை இருந்தபோதுதான். அதே சுப்பராயன் 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டத்துக்கும் கல்விக்கும் அமைச்சர். 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் சிறைக்குப் போய், 1939இல் நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாகவே இறந்தபோது கல்வி இலாகா அவர் கையில் இருந்தது. அந்த 1938இல்தான் மகன் கேம்பிரிட்ஜில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து விவாதத்தை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஆள்பவனை எதிர்த்துப் பேசுவது ஒரு பயிற்சி, எதிர்கால மந்திரிக்கான ஒத்திகை. இங்கே அது கிரிமினல் சட்டம். சொல் ஒன்றுதான், இடம் மாறினால் அதன் விலை மாறிவிடுகிறது.

இனி அமெரிக்கன் கல்லூரி. பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் ஸ்தாபனம் 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சும்ப்ரோ என்ற பிரின்ஸ்பால் காலத்தில் வைகையின் வடகரைக்கு இடம் பெயர்ந்தது. சிவப்புச் செங்கல், வளைவுகள், ஹென்றி இர்வின் பாணிக் கட்டடம். நூலகத்துக்கு டேனியல் பூவர் பெயர். யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை நடத்தி, பிறகு மதுரைக்கும் வந்து வேலை செய்த அதே பூவர்தான். அல்தூஸர் 1970இல் எழுதும்போது, பழைய சமுதாயத்தில் தேவாலயம் செய்துவந்த வேலையை நவீன முதலாளியத்தில் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது என்றார். நம் ஊரில் ஒன்றை ஒன்று இடம் நகர்த்தவேண்டிய சிரமமே இருக்கவில்லை, இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. அல்தூஸர் யோசிக்காத இன்னொரு சிக்கலும் அந்தக் காம்பவுண்டுக்குள் இருந்தது. பாடம் நடத்தியது ஒரு நாட்டின் ஸ்தாபனம், அதிகாரம் இன்னொரு நாட்டின் அரசு.

பிரிட்டிஷ் அல்லாத மிஷன்கள் இந்தியாவில் வேலை செய்யவேண்டுமானால், சட்டப்படி அமைந்த அரசாங்கத்துக்கு விசுவாசமாக நடந்துகொள்வோம் என்று உறுதி தரவேண்டும். முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த ஏற்பாடு இது. காகிதத்தில் சாதாரண நிபந்தனை மாதிரித் தெரியும். அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ரால்ப் கைத்தான் ஒருவர் போதும். மதுரை மிஷனுக்கு 1925இல் வந்த அமெரிக்கர். காந்தியோடு இருந்த ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். 1930இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944இல் இன்னொரு தடவை வெளியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்து காந்திகிராமத்து வேலைகளில் சேர்ந்துகொண்டார். விருந்தாளிக்குச் சோறு போட்டதற்கே ஓர் அமெரிக்கருக்கு இந்தக் கதி என்றால், ஒரு கல்லூரி நிர்வாகம் தன் மாணவனின் துண்டுப் பிரசுரத்தை எந்தக் கண்ணால் பார்த்திருக்க முடியும்? நான் நிர்வாகத்தைக் குற்றம் சாட்டவில்லை. அந்தக் கண்ணை ஏற்கனவே யாரோ எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியர் ஒருவரையும் கேட்காமல், இந்தியா யுத்தத்தில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. கவர்னர் ஆட்சி, பாதுகாப்புச் சட்டம், முன்னெச்சரிக்கைக் கைதுகள். மதுரை மாணவனுக்கு யுத்தம் வந்தாயிற்று. அவனுக்குப் பாடம் நடத்தும் அமெரிக்கருடைய நாட்டுக்கு வரவில்லை. அமெரிக்கா யுத்தத்துக்குள் இறங்கியது 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பருக்குப் பிறகு. நடுவில் இரண்டேகால் வருஷம் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு காலம் ஓடியது. ஆசிரியர் யுத்தத்துக்கு முன்னால் இருந்தார், மாணவன் யுத்தத்துக்குள்ளே இருந்தான். சங்கரய்யா கைதானது இந்த இடைவெளியில். நடுநிலை வகித்த ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய கல்லூரியிலிருந்து, யுத்த எதிர்ப்பு மாணவன் ஒருவன் யுத்தகாலச் சட்டத்தின் கைக்குப் போனான். அமெரிக்காவில் எழுதப்படுகிற எந்த நினைவுக் குறிப்பிலும் 1941 பிப்ரவரி யுத்தத்துக்கு முந்தைய காலம்தான். அந்தக் காலக்கணக்கை நம் மலர்கள் கேள்வி கேட்காமல் கடன் வாங்கியிருக்கின்றன.

கடன் வாங்கியதிலும் பாதியைத்தான் வாங்கியிருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளின் 1930கள் வெறும் கால்பந்தும் நடனமும் அல்ல. 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு யூனியன், அரசருக்காகவும் நாட்டுக்காகவும் எந்த நிலையிலும் சண்டை போடமாட்டோம் என்ற தீர்மானத்தை 275க்கு 153 என்று நிறைவேற்றியது. அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் அமெரிக்க மாணவர்களின் உறுதிமொழியாக உருமாறியது. 1934 ஏப்ரல் 13 அன்று சுமார் 25,000 மாணவர்கள் ஒரு மணிநேரம் வகுப்பைவிட்டு வெளியே வந்து யுத்தத்துக்கு எதிராக நின்றார்கள். அடுத்த வருஷம் அது பல மடங்கானது. அங்கே சில பேரைக் கல்லூரியைவிட்டு நீக்கினார்கள், ஆக்ஸ்போர்டில் தீர்மானம் போட்டவர்களைப் பத்திரிகைகள் திட்டின. நம் மலர்காரர்கள் விவாத மன்றத்தை இறக்குமதி செய்துகொண்டார்கள், விவாத மன்றத்திலிருந்து வெளியே வந்த இந்தக் கால்களை விட்டுவிட்டார்கள். ‘பாடத்திட்டத்துக்கு வெளியேயான செயல்பாடுகள்’ என்று ஒரு தலைப்பு வைத்து அதன்கீழ் ஹாக்கியும் நாடகமும் தோட்டக்கலையும் போடுகிறார்கள். துண்டுப் பிரசுரம் எழுதுவது அதில் சேராது. அது செயல்பாடு இல்லையாம், அரசியலாம்.

இந்தப் பிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பரீட்சையில் போய் முட்டுகிறோம். பூக்கோ பரீட்சையைப் பற்றி 1975இல் எழுதியதில் ஓர் அவதானிப்பு எனக்கு முக்கியம். பரீட்சை ஒவ்வொரு ஆளையும் தனித்தனி ஆவணமாக ஆக்குகிறது. பார்க்கிற கண்ணும் எழுதுகிற பேனாவும் ஒன்று சேர்கிற இடம் அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சிறை எல்லாவற்றிலும் இதே நுட்பம். சங்கரய்யா விஷயத்தில் இது உருவகமே அல்ல, நடந்த சமாச்சாரம். மார்ச் மாதம் ஒரு பதிவேட்டில் தேர்வு எண்ணாக ஏறியிருக்கவேண்டிய ஆள், பதினைந்து நாள் முந்தி இன்னொரு பதிவேட்டில் கைதி எண்ணாக ஏறினார். இரண்டு பதிவேடும் ஒரே அரசுடையவை. கூட்டாகக் கையெழுத்திட்டுத் தெருவில் இறங்குவது, முகவரி இல்லாத ஒரு காகிதத்தைக் கை மாற்றுவது, இதெல்லாம் பரீட்சை பிடிக்க முடியாத எழுத்து. அதற்கு மார்க் போட முடியாது. மார்க் போட முடியாத எழுத்துக்குத்தான் தண்டனை.

அதற்காக இரண்டு மாணவர்களையும் பணக்காரன், ஏழை என்று பிரித்து வைத்துவிட்டுப் போய்விட முடியாது. அது சோம்பேறித்தனம். மோகன் குமாரமங்கலம் 1939இல் ஊருக்குத் திரும்பிக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலை செய்தார். அவரையும் பிடித்தார்கள். சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, அண்ணாமலையில் படித்துக்கொண்டிருந்த ஆர். உமாநாத் ஆகியோரோடு அவரும் ஒரு குற்றவாளி. அங்கேயும் விஷயம் சட்டவிரோதப் பிரசுரங்கள்தான். கேம்பிரிட்ஜில் அவ்வளவு பேசியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சென்னையில் காகிதம் கைமாறியதும் விலங்கு. ஆக்ஸ்போர்டு அப்பாவும் ஈட்டன் பள்ளியும் அந்த இடத்தில் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது பிறகுதான். வெளியே வந்தபோது அவர் கையில் பட்டம் இருந்தது, பாரிஸ்டர் அங்கி இருந்தது. சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார், டில்லியில் மந்திரி ஆனார், 1973இல் விமான விபத்தில் இறந்தார். சங்கரய்யாவிடம் முழுநேர ஊழியம் ஒன்றுதான் இருந்தது. சிறை சமமாகத்தான் நடத்தியது. சிறைக்கு முன்னும் பின்னும் இருந்ததுதான் சமமில்லை.

2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அவர் இல்லாமலே நடந்தது, உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று சங்கரய்யா இறந்துபோனார். இதைப் பற்றி அப்போது கோபமாக நிறைய எழுதப்பட்டது. கோபம் நியாயம்தான். எனக்கு வேறு ஒரு நெருடல். 1941இல் எழுதாமல் போன பரீட்சையை 2023இல் ஒரு கௌரவப் பட்டம் சரிக்கட்டிவிடும் என்று நம்புகிறவர்களும், அதைக்கூடக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தவர்களும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்குமே பதிவேடுதான் முக்கியம். அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்து, இது எழுத்தா, என்ன தரம், எப்படி வாதம் செய்கிறது என்று ஒரு பல்கலைக்கழகத்து வகுப்பில் பேசுவதை யாரும் முன்மொழியவில்லை.

இப்படி எழுதிக்கொண்டு போனால் இதுவும் ஒரு மலர்க் கட்டுரை ஆகிவிடும் அபாயம் இருக்கிறது, கோட்டுக்குப் பதிலாகச் சிவப்புச் சட்டை. ஆகவே மூன்றாவது ஒரு தேதியையும் சொல்லவேண்டும். 1941 ஜூன் 22. ஹிட்லர் சோவியத் ரஷ்யாவுக்குள் நுழைந்தான். ஏகாதிபத்திய யுத்தம் என்று சொல்லிச் சிறைக்குப் போன கட்சி, கொஞ்ச மாதத்தில் இதை மக்கள் யுத்தம் என்றது. 1942 ஜூலையில் கட்சி மேலிருந்த தடை நீங்கியது. ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ வந்தது. நாடெங்கும் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தபோது, ஒன்றரை வருஷத்துக்கு முந்தித் தண்டவாளம் போட்டுக் கொடுத்தவர்கள் அந்த ரயிலில் ஏறவில்லை. இதற்குக் கட்சித் தரப்பில் நியாயங்கள் உண்டு, பாசிசத்தை முதலில் முறியடிக்கவேண்டும் என்பது சாதாரண வாதமில்லை. ஆனால் பரீட்சையைத் தூக்கிப்போட்ட ஒரு பையனின் காலத்தை மாஸ்கோவின் கடிகாரம் திருத்தி வைத்தது என்பதும் உண்மை. அமெரிக்காவின் கடிகாரம், லண்டனின் கடிகாரம், மாஸ்கோவின் கடிகாரம். சொந்தக் கடிகாரம் ஒன்று அவனுக்கு இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு மாணவன் மேல் கை வைத்தால் மதுரையில் ஒருவனுக்கு வலித்ததே, அந்தக் கணம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைக்கு மேல் மலர்களில் கிடைக்காது. யுத்தத்துக்கு முன் நாமக்கல் பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் ஆக்ஸ்போர்டுக்குப் போனார், திரும்பி வந்து பார்வதி கிருஷ்ணனாகக் கோவையின் ஆலைத் தொழிலாளர்களிடையே வேலை செய்தார், பாராளுமன்றம் போனார். அதே தாலுகாவில் மற்றப் பெண்களுக்கு அந்த வருஷங்களில் பக்கத்தூர்ப் பள்ளிக்கூடமே தூரதேசம். மதுரையில் அந்த மிஷன் மரபிலிருந்து பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரி வந்தது 1948இல்தான். யுத்தத்துக்கு முந்தைய பொற்காலம் என்ற தொடரில் பெண்ணுக்கு இலக்கணப்படியே எழுவாய் ஆகும் வாய்ப்பு இல்லை.

சேலத்துக்கு வந்தால், அந்தத் துண்டுப் பிரசுரத் தலைமுறைக்கு இந்த ஊரில் இருக்கிற ஞாபகம் கல்லூரி அல்ல, மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று சுதந்திர இந்தியாவின் போலீஸ் அங்கே சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள். அதற்கும் மலர் கிடையாது.

இனி நான் சொல்ல வேண்டியது என் சொந்த விவகாரம். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் வாய்ச்சவடால் ஆகிவிடும்.

நாமக்கல் மாவட்டம் என்றால் முட்டை, லாரி, அப்புறம் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டின் பல ஊரிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் அடைத்து, பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்து மார்க் எடுத்துக் கொடுக்கிற பள்ளிகள். ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே சொல்லும். கோழிப்பண்ணைக்காரருக்கு அந்தச் சொல்லில் இருக்கிற வன்முறை நன்றாகவே தெரியும், தெரிந்தேதான் பிள்ளையைச் சேர்க்கிறார். அங்கிருந்து வருகிற பையன்கள்தான் எங்கள் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று லிங்டோ குழு சொல்லி, உச்சநீதிமன்றம் 2006இல் உத்தரவும் போட்டாயிற்று. இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் நான் வேலை பார்த்த வருஷங்களில் ஒரு தேர்தலையும் பார்க்கவில்லை. மாணவர் பிரதிநிதியை நிர்வாகம் நியமிக்கும். வகுப்பில் ஒரு தடவை மாணவர் சங்கம் என்று சொன்னேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, ‘ரத்ததான கிளப் மாதிரிங்களா சார்?’ என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே ஆண்டு மலருக்கு நான்தான் ஆசிரியர். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். விடுதியில் தண்ணீர் வருவதில்லை, காலையில் இருநூறு பேருக்கு ஆறு குழாய், கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கிறார்கள், இதுதான் விஷயம். நல்ல தமிழ். கோபம் அளவாக இருந்தது. குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணி, எதில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தான். நான் படித்த மலர்களில் எதிலும் அப்படி ஒரு பக்கம் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, நிர்வாகத்துக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. நானே எடுத்துவிட்டேன். அவனைக் கூப்பிட்டு, ‘தம்பி, பரீட்சைக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்குது, இப்ப எதுக்கு இது, முடியட்டும் பாத்துக்கலாம்’ என்று சொன்னேன். ‘சரிங்க சார்’ என்றான். அந்த இடத்தில் விளையாட்டு விழாப் படம் ஒன்றைப் போட்டு நிரப்பினேன்.

பதினைந்து நாள் என்று நான் சொன்னது சங்கரய்யா கதையைத் தெரிந்து சொன்னதல்ல. அதை அப்புறம்தான் படித்தேன். படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. 1941இல் போலீஸ் செய்த வேலையை இங்கே ஒரு தமிழாசிரியன் சம்பளத்துக்குச் செய்கிறான், அதுவும் அன்பாக, தம்பி என்று கூப்பிட்டு. மிஷன்காரர்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறேனே, என்னிடம் யாரும் எழுதிக்கூட வாங்கவில்லை.

போன வருஷம் நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஒருத்தர் வந்து வணக்கம் வைத்தார். அடையாளம் தெரியவில்லை. அவன்தான். படிப்பை முடித்து, ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்குப் பார்க்கிறானாம். கல்யாணம் ஆகிவிட்டது, பெண் குழந்தை. டீ வாங்கிக் கொடுத்தான். கிளம்பும்போது, ரொம்ப சாதாரணமாக, ‘நான் எழுதிக் கொடுத்த அந்தப் பக்கம் உங்ககிட்ட இருக்குதுங்களா சார்? எங்கிட்ட காப்பி இல்லைங்க’ என்றான். இருக்கிறது என்றேன். எடுத்து வைக்கிறேன் என்றேன். இராசிபுரத்து மலர் மூட்டைக்குள் செருகி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு மூட்டையையும் பிரித்துத் தேடினேன். இரண்டாவது மூட்டையில் கிடைத்தது.